புறங்கை

துபாய் விமானம் இறங்கிய மாலை.
எக்ஸ்ரே திரையில் நான்கு வட்டங்கள்.
தண்ணீர் இல்லை, எண்ணெய் இல்லை.
பதினான்கு வருடம் பார்த்த கண்ணுக்குத்
தேனின் நிழல் தெரியும்.

எவாந்தியா கசிமாட்டிஸ், வயது எழுபத்தொன்று,
உம்பிலோ சாலையில் டீ ரூம் வைத்திருந்தவர்.
காலுறைக்குள் புட்டி, காலுறை செருப்புக்குள்,
செருப்பு ஒரு கம்பளிச் சட்டைக்குள்.
லேபிள் கிடையாது.
மூடிமேல் பேனாவில் ஊர்ப்பெயரும் ஆண்டும்.

"என் தம்பியின் பெட்டிகள். கித்திராத் தீவு.
அந்தப் பாறையில் தைம் பூவைத் தவிர
ஜூலையில் எதுவும் உயிரோடு இருக்காது.
இந்தத் தேன் மழையையே பார்த்ததில்லை, பெண்ணே."

சட்டத்தைச் சொன்னேன்.
கதிர்வீச்சில் காட்டாத அயல்நாட்டுத் தேன்
டர்பனில் இறங்கக் கூடாது.
உள்ளே நோய்விதை இருக்கலாம்;
நாற்பது வருடம் தூங்கிவிட்டு
ஒரு தேனீயின் வாயில் விழித்துக்கொள்ளும்.

சொல்லாமல் விட்டது:
டோங்காட் கரும்புத் தோட்டத்தின் ஓரம்
யூகலிப்டஸ் வரிசைக்கு அடியில்
எனக்குப் பதினொரு பெட்டிகள் இருந்தன.
ஒரு நாள் அடையறைக்குள் தீக்குச்சியை விட்டு இழுத்தேன்.
புழு இருக்கவேண்டிய இடத்திலிருந்து
பழுப்பு நூல் நீண்டு வந்தது.
எல்லாம் வீடு திரும்பட்டும் என்று காத்திருந்து
இருட்டியபின் பெட்ரோல் ஊற்றினேன்.
மெழுகு எரிகையில் கோயில் வாசனை.
அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"ஸ்பூன் கிடைக்குமா?" என்றார் எவாந்தியா.

விதிப்புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன்.
வயிற்றுக்குச் சுங்கம் இல்லை.
தெம்பெகா தன் தயிர் ஸ்பூனைக் கழுவி வந்தாள்.

அவர் நின்றபடியே தின்றார்.
மருந்து போலவும் இல்லை, விருந்து போலவும் இல்லை,
முடிக்கவேண்டிய ஒரு வேலை போல.
ஆறு கரண்டி. ஏழு.
பின்னால் நின்ற கிரிக்கெட் மட்டைப் பையனுக்கு ஒன்று.
எட்டாவதில் இருமினார், கண் நிறைந்தது.
"காரம்" என்றார். "நல்ல தைம் தொண்டையைச் சுடும்."
அது தைம்தானா என்று நான் கேட்கவில்லை.

எங்கள் மொழியில் நிலத்துக்குப் பூவின் பெயர் வைத்தார்கள்.
மலை குறிஞ்சி, காடு முல்லை.
உப்புக்காற்றும் மொட்டைப் பாறையும் மட்டுமே உள்ள நிலத்துக்கு
எந்தப் பூ என்று யாரும் சொல்லவில்லை.
என் தேனின் நிலம் யூகலிப்டஸ், கொஞ்சம் லிச்சி,
மே மாதம் கரும்பு எரிக்கும் புகை.

முதல் புட்டி பாதியானது.
மற்ற மூன்றையும் அவர் தொடவில்லை.
அழிப்பதற்குச் சம்மதம் என்ற இடத்தில்
இரண்டு மொழியில் கையெழுத்துப் போட்டார்.

"எரிப்பீர்களா?"
"ஆமாம்."
"இரவில் எரியுங்கள். பகலென்றால்
மணம் பிடித்து அதுகள் வந்துவிடும்."

என் பெயர்ப்பட்டையில் கோகி என்று மட்டுமே இருக்கும்.
என் பெட்டிகளைப் பற்றி அதில் எதுவும் இல்லை.
ஆனாலும் அவர் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்.
ஸ்பூனைத் திருப்பிக் கொடுக்கையில்
பேனா பிடிக்கக் கையுறை கழற்றியிருந்த
என் வலது புறங்கையில்
ஒரு சொட்டு.

தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமல் விடுவானா என்று
எங்களைப் போன்ற சீருடைக்காரர்களைப் பார்த்துத்தான் ஊர் சிரிக்கிறது.
கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்தேன்.
மூடினேன்.
சாக்கடை வாயில் தேனீக்கள் தண்ணீர் குடிப்பதைப் பார்த்திருக்கிறேன்.
துணியில் துடைத்தால் துணி குப்பைக்குப் போகும்,
குப்பைமேட்டுக்கு யாரெல்லாம் வருவார்கள் என்று எனக்குத் தெரியும்.
விதி ஒன்பது சொல்கிறது:
தேனீ எட்டாத இடத்தில் சேர்ப்பிக்கவும்.

சேர்ப்பித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை.
அப்புறம் தொண்டைக்குள்
ஏதோ ஒரு பாறையின் மத்தியான வெயில்.

திரும்பி வந்து படிவத்தில் எடை எழுதினேன்.
"சரியாக நிறுத்தாயா?" என்றாள் தெம்பெகா, நிமிராமல்.